1.9! அம்மாவின் எண்ணிக்கை ஏறிவிட்டது (துணி மல்லிகைக் கதையும் உண்டு)

வணக்கம் மக்களே. இன்று சிங்கப்பூர் தேக்கா சந்தை மீனும் இல்லை, சமையலும் இல்லை. நேற்று காலை கிடைத்த ஒரு எண்ணைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். 1.9! அம்மாவின் நியூட்ரோபில், அதாவது கிருமியோடு சண்டை போடும் வெள்ளை ரத்த அணுக்களின் எண்ணிக்கை. போன வாரம் 0.8 தான் இருக்கிறது, கீமோ கொடுக்க முடியாது, ஒரு வாரம் கழித்து வாங்க என்று திருப்பி அனுப்பினார்கள் என்று காரில் அழுதுகொண்டே ஒரு வீடியோ போட்டேனே, அதற்குப் பதில் இது. டாக்டர் கேட்டது 1.5, வந்தது 1.9. நான் அந்தத் தாளை மூன்று முறை வாங்கிப் பார்த்தேன். அப்பா அதைப் போட்டோ எடுத்து ஊரில் இருக்கும் அத்தைக்கு அனுப்பிவிட்டார்.

புதிதாகப் பார்ப்பவர்களுக்கு: அம்மாவுக்கு மார்பகப் புற்று. மூன்று வாரத்துக்கு ஒரு முறை கீமோ, மொத்தம் 4 சுற்று. நேற்று மூன்றாவது. சிவப்பு மருந்து, டாக்சோரூபிசின். அதை டிரிப்பில் விடாமல் தாதி பக்கத்தில் உட்கார்ந்து ஊசிக்குழாயால் கையாலேயே மெதுவாக ஏற்றுகிறார். முதல் நாள் அந்த நிறத்தைப் பார்த்து எனக்குக் கால் நடுங்கியது. அம்மா பார்த்துவிட்டு, "குங்குமத் தண்ணி மாதிரி இருக்கு, அம்மன் தான் அனுப்பியிருக்கா" என்றார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் குங்குமம். ஏற்றும்போது வாயில் ஐஸ் கட்டி, விரல் கணுவில் கணக்கு வைத்து முருகா, முருகா என்று 108. நேற்று தாதி, "ஆன்ட்டி, எத்தனை ஆச்சு?" என்று கேட்டார். அவர் சீனப் பெண்! அம்மா ஐஸோடு "எயிட்டி" என்றார்.

சரி, பூ விஷயத்துக்கு வருகிறேன். எண்ணிக்கை குறைந்திருக்கும்போது வீட்டில் புதுப் பூ, பூச்சாடித் தண்ணீர் எதுவும் அம்மா பக்கத்தில் வேண்டாம், கிருமி இருக்கும் என்று சொல்லிவிட்டார்கள். முப்பது வருஷமாக முருகன் படத்துக்குத் தினமும் மல்லிகை வைத்தவர் அவர். வெறும் படத்தைப் பார்த்துக்கொண்டு இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அதனால் துணி மல்லிகை தேடி சிராங்கூன் சாலை முழுக்க நடந்தேன். முதல் கடையில் ஒரு சரம் 18 வெள்ளி! தைப்பூசம் நெருங்குகிறது என்றால் துணிப் பூவுக்குமா விலை ஏறும்? அடுத்த கடையில் 12, அதுவும் மஞ்சளடித்துப் போன சரக்கு. எனக்கு இந்தச் சீசன் விலை சுத்தமாகப் பிடிக்காது. கடைசியில் கேம்பல் லேனில் உள்ளே தள்ளியிருந்த ஒரு கடையில் 6 வெள்ளி 50 காசு, நெருக்கமாகக் கட்டியது, நல்ல வெள்ளை. இரண்டு சரம் வாங்கினேன். பிறகு எம்ஆர்டி ரயிலில் வரும்போது மூன்று வாங்கியிருக்கலாமே என்று தோன்றி மறுநாள் திரும்பப் போனேன். அன்றைக்கும் அதே விலைதான், அந்தக் கடைக்காரர் நன்றாக இருக்கட்டும்.

அம்மா முதலில், "வாசனை இல்லாத பூவை எப்படிடி வைக்கிறது?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். ராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்தேன். சாமி அலமாரி முன்னால் நின்று அந்தத் துணிப் பூ ஒவ்வொன்றிலும் துளித்துளியாகச் சந்தனம் தொட்டு வைத்துக்கொண்டிருந்தார்.

அட, ஒன்றை விட்டுவிட்டேன். எதிர்வீட்டு கிளாரா ஆன்ட்டி (பெயரை மாற்றிச் சொல்கிறேன்) ஓஃபிர் ரோடு லூர்து மாதா ஆலயத்துக்குப் போகிறவர். மாதா தீர்த்தம் கொண்டுவந்தார். அதையும் காய்ச்சாமல் குடிக்கக் கூடாது. அம்மா பாட்டிலைக் கண்ணில் ஒற்றி முருகன் பக்கத்தில் வைத்துவிட்டார், இரண்டு பேருக்கும் நிறைவு.

ஆனால் ஒரு ஆள் மேல் எனக்குக் கோபம் தீரவில்லை. சொந்தக்காரர்தான். முள்சீத்தா இலையைக் கொதிக்க வைத்துக் குடி, சாமியை நம்பு, கீமோவை நிறுத்து என்று வாட்ஸ்அப்பில் தினமும் அனுப்புகிறார். அந்த இலைக் கஷாயம் மனிதர்களுக்குப் புற்றைக் குணமாக்கும் என்பதற்கு ஆதாரம் கிடையாது. மருந்தாளரிடம் கேட்டேன், கீமோ நேரத்தில் சொல்லாமல் எதையும் குடிக்க வேண்டாம் என்றார். சாமியை நம்பாமலா அம்மா 108 சொல்கிறார்? டாக்டரிடம் போ என்று சொன்னதே எங்கள் முருகன்தான் என்று அம்மாவே பதில் அனுப்பிவிட்டார். அதற்கு மேல் நான் என்ன சொல்ல.

இனி பூசம். அடுத்த வாரம் வருகிறது, கீமோ போட்டு பத்து நாள் ஆகியிருக்கும், எண்ணிக்கை மறுபடி இறங்கும் நேரம். கூட்டத்துக்குள் அம்மாவை விடவே முடியாது. காய்ச்சல் 38 தொட்டாலே நேரம் பார்க்காமல் அவசரப் பிரிவுக்கு ஓட வேண்டும் என்று எழுதி குளிர்பெட்டியில் ஒட்டியிருக்கிறோம். பதினோரு வருஷம் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு முருகன் கோயிலுக்கு, 3 கிலோமீட்டருக்கு மேல், பால்குடம் எடுத்தவர் அம்மா. 1859ல் செட்டியார்கள் கட்டிய அந்தக் கோயில் வாசலை இந்த வருஷம் பார்க்க முடியாதே என்றுதான் அவருக்கு ஏக்கம், முடி கொட்டியதற்குக் கூட இவ்வளவு வருத்தப்படவில்லை. அப்பா எதுவும் சொல்லவில்லை. போய் தன் பெயரைப் பதிவு செய்துவிட்டு வந்தார். வாழ்க்கையில் ஒரு தடவை கூட குடம் எடுக்காத மனுஷன், இப்போது விரதத்தில் இருக்கிறார், கோப்பி கூட விட்டுவிட்டார்.

சத்தம் கேட்கிறதா? காரிடாரில் தண்ணீர் நிரப்பிய குடத்தைத் தலையில் வைத்து நடந்து பழகுகிறார். அம்மா வாசல் கேட்டுக்கு உள்ளே முகக்கவசத்தோடு நின்று, "தோளை இறக்குங்க, கழுத்தை நேரா வைங்க" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். ஐயோ, சிந்திவிட்டது. பக்கத்து வீட்டுக் குழந்தை வழுக்கி விழுவதற்குள் துடைத்துவிட்டு வருகிறேன்.