வெட்டுப்புள்ளிக்கு இரண்டு பக்கமும்

வணக்கம் நேயர்களே. பொருளியல் படிக்கிற பிள்ளைகளுக்கு எக்கனோமெற்றிக்ஸ், அதாவது தரவுகளை வைத்துப் பொருளியல் கேள்விகளுக்கு விடை தேடும் பாடம், என்றாலே ஒரு கலக்கம். சமன்பாடெல்லாம் வானொலியில் வேண்டாம், ஒரு ரியூசன் கதை சொல்கிறேன்.

ஆய்வு செய்ய வந்த மாணவி ஒருத்தி, பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாக அலைந்து இருநூறு பிள்ளைகளிடம் விவரம் எடுத்து வந்தாள். ரியூசனுக்குப் போகிறவர்களுக்குக் கணிதத்தில் புள்ளி கூட. "ரியூசன்தான் சேர் காரணம்" என்றாள். ரியூசன் போகாத பிள்ளைகளின் படிவங்களை மட்டும் எடுத்து வாசிக்கச் சொன்னேன். ஒருவன் பின்னேரம் அப்பாவோடு வெங்காயத்துக்குத் தண்ணீர் இறைக்கப் போகிறான். இன்னொருத்தி வீட்டில் சைக்கிள் இல்லை. அடுத்தவள் தம்பியைப் பார்த்துக்கொள்கிறாள். ஐந்தாவது படிவத்தில் அவளே நிறுத்திவிட்டாள். "சேர், ரியூசனே இல்லாவிட்டாலும் இந்த இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இல்லையே."

யாரை யாரோடு ஒப்பிடுகிறோம்? எக்கனோமெற்றிக்ஸ் படிக்க வருகிற எல்லோரிடமும் முதலில் இதைத்தான் கேட்கிறேன். வீட்டு வருமானத்தைக் கணக்கில் சேர்க்கலாம். அம்மாவின் கண்டிப்பை எந்தப் பெட்டியில் எழுதுவது?

சரி, ஒரே மாதிரிப் பிள்ளைகளுக்கு எங்கே போவது? ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசிலை நினைத்துப் பாருங்கள். வெட்டுப்புள்ளியைத் தொட்ட பிள்ளைக்கும், ஒரு புள்ளியால் தவறவிட்டு வீட்டில் அழுத பிள்ளைக்கும் திறமையில் என்ன பெரிய வித்தியாசம்? அந்த இருவரையும் பிறகு பின்தொடர்ந்தால், தெரிவானதால் என்ன நடந்தது என்று நம்பிச் சொல்லலாம். திசில்த்வெயிட், கேம்பெல் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1960இலேயே அமெரிக்கப் பரீட்சை ஒன்றை வைத்து இப்படிச் செய்தார்கள். ஆனால் விடை அந்த வெட்டுப்புள்ளிக் கோட்டுக்கு அருகில் நிற்கிறவர்களுக்குத்தான். மாவட்டத்தில் முதலாவதாக வந்த பிள்ளைக்கு அதைப் பொருத்தக் கூடாது. இதைத் திரும்பத் திரும்பச் சொல்வேன், கோட்டுக்கு அருகில் மட்டும்.

அப்புறம், பக்கத்து இடத்தோடு ஒப்பிடுவது இன்னொரு வழி. அதற்கு உதாரணம், கார்ட், குரூகர் என்ற இரண்டு பொருளியலாளர்கள் செய்த ஆய்வு. 1992 ஏப்ரலில் நியூ ஜெர்சி மாநிலம் குறைந்தபட்சச் சம்பளத்தை மணித்தியாலத்துக்கு 4.25 டொலரிலிருந்து 5.05 ஆக்கியது, பக்கத்துப் பென்சில்வேனியா மாற்றவில்லை. இரண்டு பக்கமும் 410 துரித உணவுக் கடைகளில், கூட்டுவதற்கு முன்னும் பின்னும் விசாரித்தார்கள். நியூ ஜெர்சியில் வேலை குறைந்ததாகத் தெரியவில்லை. கார்டுக்கு 2021இல் நோபல் பரிசும் கிடைத்தது. இதுபற்றி வந்த எதிர்வாதங்களையும் சொல்ல ஆசை, ஆனால் கண்ணாடிக்கு அப்பாலிருந்து கை காட்டுகிறார்கள்.

இந்தக் கணக்குகளைப் போடும் மென்பொருள் பற்றி ஒரே வார்த்தை: 'ஆர்' (R) இலவசம், பழைய லப்டொப்பிலும் ஓடும். அந்த மாணவி மறுபடி பள்ளிக்கூடங்களுக்குப் போனாள். படிவத்தில் புதிதாக ஒரு கேள்வி இருந்தது: ரியூசன் தொடங்க முன்னர் கணிதத்தில் எத்தனை புள்ளி? வணக்கம்.