எதற்குப் பெயர் வெட்ட வேண்டும்? லாம்டா, அனானிமஸ் கிளாஸ் பற்றி ஒரு கேள்வி

அடுத்த கேள்வி மாரத்தஹள்ளியிலிருந்து வந்திருக்கிறது. நீளமாக எழுதியிருக்கிறார், சுருக்கி வாசிக்கிறேன். "அக்கா, வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. பின்னால் சர்வரில் ஜாவா, முன்னால் பிரவுசரில் ஜாவாஸ்கிரிப்ட். நான் அனுப்பிய கோடில் மூன்று இடத்தில் பெயரில்லாத ஃபங்ஷன் இருந்தது. பில்களைத் தொகை வாரியாக அடுக்க ஒன்று. கெடு தாண்டிய பில்களைப் பிரித்தெடுக்க ஒன்று, அது இரண்டு ஃபைலில் வருகிறது. ஸ்கிரீன் அளவு மாறும்போது ஓட ஒன்று. சீனியர் மூன்றுக்குமே 'பெயர் வை' என்று எழுதிவிட்டார். கோர்ஸில் லாம்டா, அதாவது இப்படிப் பெயரில்லாத ஃபங்ஷன், எழுதுவதுதான் நல்லது என்றார்களே, யார் சொல்வது சரி? ஜாவாவில் அனானிமஸ் கிளாஸும் லாம்டாவும் ஒன்றுதானா?"

நல்ல கேள்வி தம்பி. மூன்று இடத்தையும் தனித்தனியாகச் சொன்னீர்கள் பாருங்கள், அதனால்தான் என்னால் பதில் சொல்ல முடிகிறது.

நான் பெங்களூருக்குக் குடிவந்த புதிதில் சிக்பேட்டையில் ஒரு தூக்கும் நாலு தட்டும் வாங்கினேன். கடைக்காரர் நான் கேட்காமலே சின்ன மெஷினை எடுத்து வைத்துக்கொண்டு, "பெயர் என்னம்மா வெட்டணும்?" என்றார். எவர்சில்வர் பாத்திரத்தில் ஏன் பெயர் வெட்டுகிறோம்? அந்தத் தூக்கு பாயசத்தோடு பக்கத்து வீட்டுக்குப் போகும், விசேஷ வீட்டுக்குப் போகும், அப்புறம் நம்மிடமே திரும்பி வரவேண்டும். வாழை இலையில் யாராவது பெயர் வெட்டுவார்களா? சாப்பிட்டோம், மடித்தோம், எடுத்தோம். ஃபங்ஷனுக்கும் ஆப்ஜெக்டுக்கும் இதே கணக்குதான். திரும்பக் கூப்பிட வேண்டியது, தேடிப் பிடிக்க வேண்டியது என்றால் பெயர் வேண்டும். வைத்த இடத்திலேயே வேலை முடிகிறது என்றால் வேண்டாம்.

உங்கள் முதல் இடம் வாழை இலை. இரண்டு பில்லைக் கொடுத்தால் எது முந்தி என்று சொல்கிறது, அவ்வளவுதான். அதற்கு ஒரு பெயர் வைத்து ஃபைலின் அடியில் கொண்டுபோய் வைத்தால், படிக்கிறவர் கீழே இறங்கிப் பார்த்துவிட்டு மறுபடி மேலே ஏறி வர வேண்டும். 'தொகை வாரியாக அடுக்கு' என்பது அந்த ஒரு வரியிலேயே தெரிகிறதே. இங்கே கோர்ஸில் சொன்னது சரி.

ஜாவா கேள்விக்கும் இதே வரி போதும். பழைய ஜாவாவில் ஃபங்ஷனைத் தனியாக எடுத்துக் கையில் கொடுக்க வழியில்லை, ஒரு ஆப்ஜெக்டுக்குள் வைத்துத்தான் கொடுக்க முடியும். அதற்காக ஒவ்வொரு முறையும் ஒரு புது கிளாஸுக்குப் பெயர் வைத்து எழுதுவது பெரிய தொல்லை. அதனால் 1997இல் ஜாவா 1.1 வந்தபோது அனானிமஸ் கிளாஸ், அதாவது பெயரில்லாத கிளாஸ், வந்தது. அந்த இடத்திலேயே நியூ என்று எழுதி, ஒப்பிடுவதற்கான கம்பேரட்டர் என்று எழுதி, பிரேஸ் திறந்து, உள்ளே கம்பேர் என்ற மெத்தடை (கிளாஸுக்குள் இருக்கும் ஃபங்ஷனை) அதன் டைப்புகளோடு எழுதி மூட வேண்டும். நமக்கு வேண்டிய வேலை ஒரு வரி, சுற்றிக் கட்டியது நாலைந்து வரி. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். 2014 மார்ச்சில் ஜாவா 8 வந்து அந்தச் சுமைகூலியை எடுத்துவிட்டது. அதுதான் லாம்டா. யோசனை என்னவோ பழையது. கணிதவியலாளர் அலான்சோ சர்ச் 1930களில் கணிதத்துக்காக லாம்டா கால்குலஸை உருவாக்கினார், 1958இல் ஜான் மெக்கார்த்தி தொடங்கிய லிஸ்ப் மொழியில் அந்தப் பெயர் வந்துவிட்டது.

ஆனால் இரண்டும் ஒன்றுதானா என்றால், இல்லை. லாம்டாவை எழுத, கம்பேரட்டர் போன்ற இன்டர்ஃபேஸில், அதாவது எந்த மெத்தட் வேண்டும் என்று மட்டும் சொல்லி உடலை நம்மிடம் விடும் வடிவத்தில், நாம் நிரப்ப வேண்டிய மெத்தட் ஒன்றே ஒன்றுதான் இருக்க வேண்டும். இரண்டு மெத்தட் நிரப்ப வேண்டியிருந்தாலோ, எத்தனை முறை ஓடியது என்று எண்ண உள்ளேயே ஒரு ஃபீல்டு (மதிப்பைச் சேர்த்து வைக்கும் இடம்) வேண்டியிருந்தாலோ அனானிமஸ் கிளாஸ்தான்.

பலரும் சறுக்குவது 'திஸ்' என்ற சொல்லில். அனானிமஸ் கிளாஸுக்குள் திஸ் என்றால், அந்த இடத்தில் புதிதாகப் பிறந்த ஆப்ஜெக்ட். லாம்டாவுக்குள் திஸ் என்றால், அதைச் சுற்றியிருக்கும் வெளி கிளாஸின் ஆப்ஜெக்ட். லாம்டாவுக்கென்று தனியாக ஒரு திஸ் கிடையாது. பழைய கோடைச் சுருக்குகிறேன் என்று கையால் மாற்றும்போது, உள்ளே திஸ் எங்கேயாவது வருகிறதா என்று முதலில் தேடிப் பாருங்கள். பல நேரம் கம்பைல் ஆகிவிடும், ஆனால் அர்த்தம் மாறியிருக்கும்.

எனக்கு மிகவும் பிடித்த இடம் ஒன்று இருக்கிறது. அனானிமஸ் கிளாஸ் உள்ள ஒரு ஃபைலை கம்பைல் செய்துவிட்டு ஃபோல்டரைத் திறந்து பாருங்கள். வெளி கிளாஸின் பெயர், ஒரு டாலர் குறி, 1 என்ற எண், இப்படி ஒரு தனி கிளாஸ் ஃபைல் இருக்கும். நாம் பெயர் வைக்கவில்லை என்பதால் கம்பைலர் வைத்துவிட்டது. லாம்டாவுக்கு இப்படித் தனி ஃபைல் வராது, அதன் உடல் அதே கிளாஸுக்குள் ஒரு மெத்தடாகப் போய்விடும். அதற்கும் கம்பைலர் ஒரு பெயர் வைத்திருக்கும். ராத்திரி ப்ரொடக்‌ஷனில் தவறு வந்து ஸ்டாக் ட்ரேஸை, அதாவது எந்த ஃபங்ஷன் எதைக் கூப்பிட்டது என்ற பட்டியலை, படிக்கும்போது நம் கண்ணில் படுவது இந்தப் பெயர்கள்தான். டாலர் 1, டாலர் 2 என்று வரிசையாக வந்தால் எது எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? நாலைந்து வரியைத் தாண்டி நீளும் ஃபங்ஷனுக்குப் பெயர் வையுங்கள் என்று நான் சொல்வதற்கு இதுதான் காரணம்.

ஒரு முறை மட்டும் வேண்டிய ஆப்ஜெக்டுகளும் இப்படித்தான். ஜாவாஸ்கிரிப்டில் கிளாஸே இல்லாமல் பிரேஸுக்குள் எழுதிவிடலாம், கோட்லின் மொழியில் ஆப்ஜெக்ட் என்ற சொல் போதும். சி ஷார்ப் மொழியில் 2007இல் வந்த அனானிமஸ் டைப் எனக்கு அழகாகத் தோன்றும். ஒரு மெத்தடுக்குள் பெயர், தொகை என்று இரண்டை மட்டும் சேர்த்து ஒரு ஆப்ஜெக்ட் செய்துகொள்ளலாம். ஆனால் அதை ரிட்டர்ன் டைப்பாக, அதாவது மெத்தட் வெளியே திருப்பித் தரும் வகையாக, எழுதப் பார்த்தால் முடியாது, எழுதுவதற்குப் பெயர் வேண்டுமே! வீட்டு வாசலைத் தாண்டப் போகிறது என்றால் பெயர் வெட்டு என்று மொழியே சொல்லிவிடுகிறது.

சரி, உங்கள் இரண்டாவது இடம். கெடு தாண்டி முப்பது நாள் ஆகியும் பணம் வராத பில். இது உங்கள் கம்பெனியின் விதி. இரண்டு ஃபைலில் இருக்கிறது. நாளைக்கு முப்பதை நாற்பத்தைந்தாக மாற்றச் சொன்னால் ஒன்றை மாற்றுவீர்கள், இன்னொன்று கிடந்துவிடும். பெயர் வையுங்கள், ஒரே இடத்தில் வையுங்கள். சீனியர் சொன்னது சரி.

மூன்றாவது இடத்தில் நானே பட்டிருக்கிறேன். முன்பு வேலை பார்த்த இடத்தில், ஒரு சின்ன சன்னல் திறக்கும்போது ஸ்க்ரோலுக்கு ஒரு லிசனரை (ஒன்று நடக்கும்போது ஓடும் ஃபங்ஷனை) சேர்த்து, மூடும்போது எடுக்க வேண்டும். சேர்க்கும் வரியில் ஒரு ஏரோ ஃபங்ஷனை, ஜாவாஸ்கிரிப்டின் லாம்டாவை, எழுதினேன். எடுக்கும் வரியில் அதையே அப்படியே காப்பி செய்து ஒட்டினேன். எழுத்துக்கு எழுத்து ஒன்றுதான். ஆனால் ஜாவாஸ்கிரிப்டுக்கு அவை இரண்டு வேறு வேறு ஆப்ஜெக்டுகள். எடுக்கச் சொன்ன ஃபங்ஷன் பட்டியலில் இல்லை என்றால் அது எரர் தராது, பேசாமல் போய்விடும். பயன்படுத்தியவர்கள் பக்கம் இழுக்கிறது என்றார்கள். என் மெஷினில் ஒன்றும் தெரியவில்லை, ஏனென்றால் நான் அந்தச் சன்னலை ஒரு முறைதான் திறந்து பார்த்தேன். இரண்டு நாள் கழித்து உள்ளே ஒரு கன்சோல் வரி போட்டு, இருபது முறை திறந்து மூடிவிட்டு லேசாக ஸ்க்ரோல் செய்தேன். ஒரு அசைவுக்கு இருபது வரி வந்து விழுந்தது. இருபது பாத்திரத்தைப் பெயர் வெட்டாமல் அனுப்பிவிட்டு, வாசலில் நின்று என் பாத்திரத்தைக் கொடு என்று கேட்டிருக்கிறேன்.

இதைச் சரிசெய்ய ஒரு வரி போதும். ஃபங்ஷனை ஒரு கான்ஸ்ட் வேரியபிளில் வைத்து, சேர்க்கும் இடத்திலும் எடுக்கும் இடத்திலும் அதே வேரியபிளைக் கொடுங்கள். அப்படி வைத்தால் அந்த ஏரோ ஃபங்ஷனுக்கு வேரியபிளின் பெயரே வந்துவிடும், ட்ரேஸிலும் அதுதான் தெரியும். ஒரே ஒரு முறை ஓடினால் போதும் என்கிற லிசனர் என்றால் 'ஒன்ஸ்' என்ற ஆப்ஷன் இருக்கிறது, ஓடி முடிந்ததும் தானாகவே விலகிக்கொள்ளும். அதற்குப் பெயர் வேண்டாம்.

ஆக, சீனியர் சொன்னதில் இரண்டை அப்படியே செய்துவிடுங்கள். முதல் இடத்துக்கு ரிவ்யூவிலேயே பதில் எழுதுங்கள்: "இது இங்கே மட்டும்தான் வருகிறது, ஒரு வரிதான், இப்படியே விடலாமா சார்?" அவர் ஒத்துக்கொள்வார் என்று நினைக்கிறேன். மூன்றாவதைத் திருத்துவதற்கு முன்னால் மட்டும் அதற்குள் ஒரு கன்சோல் வரி போட்டு, அந்தப் பக்கத்தை இருபது முறை திறந்து மூடிவிட்டு, ஸ்கிரீன் அளவை ஒரு முறை மாற்றி, கன்சோலில் எத்தனை வரி விழுகிறது என்று எண்ணிப் பாருங்கள்.