யார் பேச்சைக் கேட்கிறது உங்கள் போன்?

(நூலக வாசகர் வட்டக் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

அனைவருக்கும் வணக்கம்.

இந்தப் பேச்சுக்கு 'இணையமும் தனியுரிமையும்' என்றுதான் முதலில் தலைப்பு வைத்திருந்தார்கள். நான்தான் மாற்றச் சொன்னேன். தமிழில் 'பேச்சைக் கேட்பது' என்றால் இரண்டு பொருள். ஒட்டுக்கேட்பதும் கேட்பதுதான், சொன்னபடி நடப்பதும் கேட்பதுதான். 'மிக்ஸி வாங்கணும்னு வீட்டில் பேசினோம் சார், உடனே மிக்ஸி விளம்பரம் வருது' என்று என் கடைக்கு வருபவர்கள் சொல்வது முதல் கேட்பைப் பற்றி. எனக்கு இரண்டாவதில்தான் கவலை அதிகம். காசு கொடுத்து வாங்கியது நாம். அது யார் சொன்னபடி நடக்கிறது?

நான் பேராசிரியர் இல்லை. கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருப்பவன். மேஜையில் இருக்கும் இந்த லேப்டாப் என் சொந்த லேப்டாப், பத்து வருஷம் பழசு. 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான இலவச ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திக்கொண்டது. விண்டோஸ் 11 போடலாம் என்றால் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு சிப் வேண்டும், பிராசஸரும் அவர்கள் பட்டியலில் இருக்க வேண்டும். இதில் இரண்டும் இல்லை. கீபோர்டு, திரை, பேட்டரி எல்லாம் நன்றாக இருக்கும் இயந்திரத்தைத் தூக்கிப் போடச் சொல்கிறார்கள். அதனால்தான் இப்போது பலர் 'அந்த லினக்ஸ்னு ஏதோ சொல்வாங்களே' என்று கேட்டு வருகிறார்கள். விண்டோஸுக்குப் பதிலாகக் கணினியில் போடக்கூடிய இலவச இயங்குதளம் (ஓஎஸ்) அது. தனியுரிமைக்காக வருபவர்கள் குறைவு. ஆனால் வந்த பிறகு ஒரு வித்தியாசத்தைக் கண்ணால் பார்க்கிறார்கள்.

புது விண்டோஸ் லேப்டாப்பை முதன்முதலாக ஆன் செய்திருக்கிறீர்களா? மைக்ரோசாஃப்ட் கணக்கு கேட்கும். இருப்பிடம் தெரிந்துகொள்ளலாமா, விளம்பர அடையாள எண் கொடுக்கலாமா, நீங்கள் தட்டச்சு செய்வதை மேம்பாட்டுக்காக அனுப்பலாமா என்று வரிசையாகக் கேட்கும். எல்லாவற்றுக்கும் 'வேண்டாம்' என்று சொன்னாலும், 'கட்டாயம்' என்று அவர்களே பெயர் வைத்த தகவல் போய்க்கொண்டுதான் இருக்கும். வீட்டு உபயோகப் பதிப்பில் அதை நிறுத்த செட்டிங்ஸில் பொத்தானே கிடையாது.

2024 மே மாதம் 'ரீகால்' என்று ஒன்றை அறிவித்தார்கள். சில விநாடிக்கு ஒருமுறை உங்கள் திரையைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளும் வசதி. அந்தப் படங்களிலிருந்து எடுத்த எழுத்துகள் பூட்டே இல்லாமல் சேமிக்கப்படுவதைப் பாதுகாப்பு ஆய்வாளர்கள் காட்டினார்கள். கூச்சல் எழுந்தது. தள்ளிப்போட்டு, பூட்டுப் போட்டு, விரும்பினால் மட்டும் என்று மாற்றி, 2025-ல் வெளியிட்டார்கள். அதுவும் சில புதிய ரக கணினிகளில்தான். திருத்திக்கொண்டார்கள், சரி. ஆனால் அந்த யோசனை யாருடைய இயந்திரத்துக்கு, யாரைக் கேட்டு வந்தது?

இப்போது இந்த பென் டிரைவைச் சொருகுகிறேன். 8 ஜிபிதான். இதில் லினக்ஸ் மின்ட் என்ற லினக்ஸ் வகை இருக்கிறது. ஆன் செய்யும்போது எஃப்12 அழுத்துகிறேன், சில கம்பெனி லேப்டாப்பில் வேறு பொத்தானாக இருக்கும். பென் டிரைவைத் தேர்ந்தெடுத்தாயிற்று. ஹார்டு டிஸ்கில் இன்னும் ஒரு எழுத்துகூட எழுதப்படவில்லை. பென் டிரைவிலிருந்தே முழு இயங்குதளமும் ஓடும். வைஃபை கிடைக்கிறதா, சத்தம் வருகிறதா, பிரிண்டர் பிடிக்கிறதா, தமிழ்99 விசைப்பலகையில் அடிக்க வருகிறதா, எல்லாம் பார்த்துவிட்டுப் பிடிக்கவில்லை என்றால் உருவிவிடலாம். பிடித்திருந்தால் நிறுவலாம். அப்போது அது கேட்பது மொழி, விசைப்பலகை, நேர மண்டலம், பெயர், கடவுச்சொல், அவ்வளவுதான். மின்னஞ்சல் கேட்காது. போன் நம்பர் கேட்காது. பெயரைக்கூட 'அ' என்று கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளும்.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் நிதானம் வேண்டும். 'டிஸ்கை அழித்துவிட்டு நிறுவு' என்று ஒரு தேர்வு வரும். முதன்முதலில் அதை அவசரத்தில் அழுத்தி, என் தங்கை கல்யாணப் படங்கள் முழுவதையும் இழந்தவன் உங்கள் முன் நிற்கிறேன். அவள் இன்னும் அதைச் சொல்லிக்காட்டுகிறாள்.

அப்புறம் போன். இங்கேதான் விஷயம் சிக்கலானது, கொஞ்சம் நின்று பார்க்க வேண்டியது.

அயர்லாந்தில் டப்ளின் டிரினிட்டி கல்லூரியில் டக்ளஸ் லீத் என்ற பேராசிரியர் 2021 மார்ச்சில் ஒரு ஆய்வு வெளியிட்டார். கூகுள் பிக்சல் ஒன்று, ஐபோன் ஒன்று. போன் சும்மா கிடக்கும்போது என்ன அனுப்புகிறது என்று பார்த்தார். சராசரியாக நாலரை நிமிஷத்துக்கு ஒருமுறை தன்னைச் செய்த கம்பெனியைக் கூப்பிட்டுப் பேசியது, இரண்டும்தான். அளந்த முறை சரியில்லை என்று கூகுள் மறுத்தது. அதே வருஷம் அக்டோபரில் அவரும் எடின்பரோ பல்கலைக்கழகத்துக்காரர்களும் சேர்ந்து சாம்சங், ஷாவ்மி, ஹுவாவே, ரியல்மி போன்களைப் பார்த்தார்கள். கூடவே இரண்டு மாற்று இயங்குதளங்களையும் எடுத்துக்கொண்டார்கள். ஒன்று லீனியேஜ் ஓஎஸ், இன்னொன்று இ ஓஎஸ். இரண்டும் ஆண்ட்ராய்டின் திறந்த மூலநிரலிலிருந்து, அதாவது யாரும் பார்த்து மாற்றிக்கொள்ளக்கூடிய நிரலிலிருந்து செய்தவை. கம்பெனி போன்கள் நிறைய அனுப்பின, அது எதிர்பார்த்ததுதான். இ ஓஎஸ் ஏறக்குறைய எதுவுமே அனுப்பவில்லை.

லீனியேஜ் முடிவுதான் என்னை உட்கார வைத்தது. லீனியேஜ்காரர்கள் எதையும் சேகரிக்கவில்லை. ஆனால் ஆய்வு செய்தவர்கள் அதன் மேல் கூகுள் செயலிகளை நிறுவியிருந்தார்கள், நம்மில் பலரும் அப்படித்தான் செய்வோம். கூகுளுக்குப் போன தகவல் மற்ற ஆண்ட்ராய்டு போன்களின் அளவுக்கே போனது. வீடு மாறினோம், பெயின்ட் அடித்தோம், புதுப் பூட்டும் மாட்டினோம். சாவியை மட்டும் பழைய ஓனரிடமே கொடுத்துவிட்டு வந்தோம்.

அதனால் ஓஎஸ் மாற்றிவிட்டேன் என்று யாராவது பெருமையாகச் சொன்னால், மேலே என்னென்ன போட்டீர்கள் என்று கேட்பேன். கிராஃபீன் ஓஎஸ் என்ற இன்னொரு மாற்று இயங்குதளம் இதற்கு ஒரு வழி கண்டிருக்கிறது. கூகுள் சேவைகளைச் சாதாரணச் செயலி போலக் கூண்டுக்குள் ஓட்டும், தனிச் சலுகை கிடையாது. ஆனால் அது வளர்ந்தது பிக்சல் போனில். கூகுளிடமிருந்து தப்பிக்கக் கூகுள் போனையே வாங்க வேண்டும். (அரங்கில் சிரிப்பு.) சிரிக்கிறீர்கள், வாங்கப் போனால் விலையைப் பார்த்து நிறுத்திவிடுவீர்கள். இன்னொன்று, மாற்று ஓஎஸ் போட்ட போனில் சில வங்கிச் செயலிகளும் யுபிஐ செயலிகளும் ஓட மறுக்கும். காய்கறிக் கடையில் க்யூஆர் காட்டும்போது போன் அடம் பிடித்தால் தனியுரிமைத் தத்துவம் எல்லாம் பறந்துவிடும். நான் செய்வது இது: பணத்துக்கு ஒரு சாதாரண போன், அதில் வேறு எதுவும் இல்லை. மற்றதற்கெல்லாம் லீனியேஜ் போட்ட பழைய போன், கூகுள் இல்லாமல். செயலிகள் எஃப்-டிராய்டு என்ற திறந்த மூலச் செயலிக் கிடங்கிலிருந்து. எல்லோருக்கும் இது ஒத்துவராது, தெரியும்.

தமிழில் எழுதுபவர்களுக்கு மட்டும் ஒன்று. போனில் நீங்கள் அடிக்கும் ஒவ்வோர் எழுத்தும் முதலில் கீபோர்டு செயலியின் கண்ணில்தான் படுகிறது. கவிதையும் கடவுச்சொல்லும் ஒரே வாசல் வழியாகத்தான் போகின்றன. தமிழ் அடிக்க வேண்டும் என்று கிடைத்த கீபோர்டை எல்லாம் இறக்கியவர்கள் இன்று வீட்டுக்குப் போய் அதை யார் செய்தார்கள் என்று பாருங்கள்.

இப்போது முன்வரிசையில் ஐயா கேட்டார், 'என்னிடம் மறைக்க என்ன இருக்கிறது?' என்று. உங்களிடம் இல்லாமல் இருக்கலாம் ஐயா. உங்கள் போனில் இருக்கும் எண்கள் உங்களுடையவையா? தொடர்புப் பட்டியலைப் பார்க்கலாமா என்று ஒரு டார்ச் செயலி கேட்டு, நீங்கள் சரி என்றால், அவர்கள் எல்லோருக்கும் சேர்த்து நீங்களே சரி சொல்லிவிடுகிறீர்கள். தனியுரிமை அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒரே குரலில் சொன்னார்கள். நல்ல தீர்ப்பு. அந்த நகலை செட்டிங்ஸில் ஒட்டத்தான் வழியில்லை.

நம் அகத்திணைப் பாட்டில் ஒரு விதி உண்டு. தலைவன், தலைவி பெயரைச் சொல்லக்கூடாது. அவள் அழுதது, வளை கழன்றது, தாய் திட்டியது, இரவில் அவன் வந்தது எல்லாம் ஊருக்கே சொல்லலாம். யார் என்பது மட்டும் வெளிவரக் கூடாது. பேச்சைவிட, யார் யாருடன் என்பதுதான் ஆளைக் காட்டிக்கொடுக்கும் என்று அந்தப் புலவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

வாட்ஸப்பில் இது தலைகீழ். 2016 ஏப்ரலிலிருந்து செய்தியை முழுதாகப் பூட்டிவிட்டார்கள், சிக்னல் என்ற இன்னொரு செய்திச் செயலியின் பூட்டு முறையையே எடுத்துப் போட்டார்கள். நீங்கள் எழுதியதை அவர்களால் படிக்க முடியாது. ஆனால் யார் யாருக்கு, எப்போது, எத்தனை தடவை என்பது அவர்கள் பக்கம் தெரியும். அதே 2016-ல் அமெரிக்காவில் வர்ஜீனியாவில் ஒரு விசாரணைக்காகச் சிக்னலிடம் பயனர் தகவல் கேட்டு ஆணை வந்தது. அவர்களால் கொடுக்க முடிந்தது இரண்டே இரண்டு: கணக்கு தொடங்கிய நேரம், கடைசியாகச் சேவையோடு இணைந்த நாள். வேறு எதையும் அவர்கள் வைத்துக்கொள்ளவே இல்லை. சிக்னலிலும் சேர போன் நம்பர் வேண்டும், அது எனக்கு உறுத்தல்தான்.

உலாவியைப் பற்றிச் சுருக்கமாக. குரோமின் மறைநிலையை நம்பாதீர்கள். அது உங்கள் வீட்டாரிடமிருந்து மறைக்கும், வலைத்தளத்திடமிருந்து மறைக்காது. இதற்காகப் போட்ட வழக்கில், சேர்த்த தரவை அழிக்க கூகுள் 2024-ல் ஒப்புக்கொண்டது. உங்களை அடையாளம் காண வலைத்தளங்கள் உலாவியில் போட்டுவைக்கும் குக்கீயை அழித்தாலும் போதாது. எலெக்ட்ரானிக் ஃபிரான்டியர் ஃபவுண்டேஷன் என்ற இணைய உரிமை அமைப்பு 2010-ல் சோதித்தபோது, எழுத்துரு, திரை அளவு, செருகுநிரல் போன்றவற்றை வைத்தே 83.6 சதவீத உலாவிகளைத் தனித்தனியாக அடையாளம் காண முடிந்தது. ஃபயர்ஃபாக்ஸ் உலாவியைப் போட்டு அதில் விளம்பரங்களைத் தடுக்கும் யூபிளாக் ஆரிஜினைச் சேருங்கள், ஐந்து நிமிஷ வேலை. விபிஎன் என்பது உங்கள் இணையப் போக்குவரத்தைத் தன் வழியாகத் திருப்பிவிடும் சேவை. அதன் விளம்பரங்களைப் பார்த்துக் காசு கட்டும் முன் யோசியுங்கள். இதுவரை உங்கள் இணைய நிறுவனம் பார்த்ததை இனி விபிஎன்காரர் பார்ப்பார், அவ்வளவுதான் மாற்றம். டோர் உலாவி வேறு வகை. நீங்கள் கேட்பது மூன்று இடம் தாண்டிப் போகும், முழு வழியும் ஒருவருக்கும் தெரியாது. ஆனால் டோரில் போய் உங்கள் ஃபேஸ்புக்கில் உள்ளே நுழைந்தால், முகமூடி போட்டுக்கொண்டு பெயர் சொன்ன கதைதான்.

லேப்டாப் திறந்து நிற்கிறது, பாருங்கள். டீ இடைவேளையில் யார் வேண்டுமானாலும் வந்து அடித்துப் பார்க்கலாம். பென் டிரைவ் கொண்டு வந்தவர்களுக்கு இங்கேயே போட்டுத் தருகிறேன். முதலில் அதில் இருப்பதை வேறு எங்காவது காப்பி எடுத்துக்கொள்ளுங்கள். எழுதும்போது எல்லாம் அழிந்துவிடும். என் தங்கையைக் கேட்டால் சொல்வாள்.