எலும்பு விழுங்கிக்கு வளைகாப்பு

(திரையில்: மூங்கில் வேலி. அதன் பின்னால் ஓங்கி நிற்கும் கடம்ப மரம். உச்சிக் கிளையில் அசையாமல் நிற்கும் ஒரு பறவை.)

உங்கள் வீட்டுக் கொல்லையில் ஒரு பெரிய மரம் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். உச்சியில் ஏழெட்டுக் கூடுகள். ஒவ்வொன்றிலும் கிட்டத்தட்ட 5 அடி உயரப் பறவை. குஞ்சுக்கு அது கொண்டுவருவது புழுவோ பூச்சியோ இல்லை. அழுகிய இறைச்சி, மீன் தலை, எலும்பு. பாதி குஞ்சின் வாய்க்குப் போகிறது, மீதி உங்கள் முற்றத்தில் விழுகிறது. எச்சம் வேறு. துணி காயப்போட முடியாது. விருந்தாளி வந்தால் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் உட்கார வேண்டும். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, மாதக்கணக்கில்.

அப்போது யாரோ ஒருவர் வந்து, "இது உலகத்திலேயே அரிதான பறவை, மரத்தை வெட்டிவிடாதீர்கள்" என்கிறார்.

அவ்வளவு அரிதென்றால் நீங்களே உங்கள் வீட்டுக்குக் கூட்டிப் போங்கள் என்றுதான் நான் சொல்லியிருப்பேன்.

அசாமின் காம்ரூப் மாவட்டத்தில் ததரா, பசாரியா, சிங்கிமாரி என்று அடுத்தடுத்த கிராமங்கள். அங்கே இருந்தவர்களின் மனநிலையும் ஏறக்குறைய இதுதான். அந்த மனநிலை மாறிய கதையைத்தான் இந்த வீடியோவில் பார்க்கப் போகிறோம்.

(திரையில்: பறவையின் தலை, மிக அருகில்.)

முதலில் பறவை. அசாமில் இதன் பெயர் ஹர்கிலா. 'ஹார்' என்றால் எலும்பு, 'கிலா' என்றால் விழுங்குவது. எலும்பு விழுங்கி. நாரைக் குடும்பம்தான், ஆனால் நாரை என்றதும் நம் மனதில் வருகிற வெள்ளை அழகு இதனிடம் கிடையாது. வழுக்கைத் தலை, ஆப்பு போல் தடித்த அலகு, கழுத்தில் தொங்கும் சிவந்த பை. இரையைச் சேர்த்து வைக்கத்தான் அந்தப் பை என்று நினைக்கத் தோன்றும். இல்லை. அது வெறும் காற்றுப் பை, உணவுக் குழாயோடு அதற்குத் தொடர்பே கிடையாது. இறக்கையை விரித்தால் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு 8 அடி. நடை மட்டும் விறைப்பாக, அணிவகுப்பில் போகும் ராணுவ அதிகாரி மாதிரி. அதைப் பார்த்துத்தான் ஆங்கிலேயர்கள் ஒரு ராணுவப் பதவியின் பெயரையே இதற்கு வைத்தார்கள்.

19ஆம் நூற்றாண்டில் கல்கத்தா நகரத்துக் குப்பையைத் தின்று தீர்த்ததில் இந்தப் பறவைக்குப் பெரிய பங்கு உண்டு. அரசு மாளிகைகளின் கூரையில் வரிசையாக நிற்குமாம். கல்கத்தா மாநகராட்சியின் பழைய சின்னத்தில்கூட இரண்டு ஹர்கிலாக்கள் உண்டு. அப்புறம் கழிவு அகற்றும் முறை மாறியது, சதுப்பு நிலங்கள் சுருங்கின, பெரிய மரங்கள் போயின. ஒரு காலத்தில் ஆயிரக்கணக்கில் திரிந்த பறவை இன்று முக்கியமாக மூன்றே இடங்களில் இனப்பெருக்கம் செய்கிறது: அசாம், பீகாரின் பாகல்பூர் பகுதி, கம்போடியா.

இதில் அசாமுக்கு ஒரு தனிச் சிக்கல். அங்கே கூடுகளில் பெரும்பாலானவை காட்டில் இல்லை. தனியார் மரங்களில், அதாவது யாரோ ஒருவருடைய கொல்லையில் இருக்கின்றன. சரணாலயம் என்று பலகை வைக்க முடியாது. வீட்டுக்கு வீடு வனக்காவலரை நிறுத்தவும் முடியாது. பறவையின் உயிர் மரத்துக்குச் சொந்தக்காரர் கையில்.

(திரையில்: வெட்டுப்பட்ட அடிமரம்.)

2007. பூர்ணிமா தேவி பர்மன் என்ற உயிரியலாளர் ஹர்கிலாவைப் பற்றி முனைவர் பட்ட ஆய்வைத் தொடங்கியிருந்த நேரம். சிறு வயதில் பிரம்மபுத்திரா கரையில் பாட்டி வீட்டில் வளர்ந்தவர். வயலுக்குக் கூட்டிப்போய்ப் பறவைகளைப் பற்றிச் சொல்லிக்கொடுத்தது அந்தப் பாட்டிதான். ததராவில் ஒருவர் தன் கொல்லையில் இருந்த மரத்தை வெட்டுகிறார் என்று கேள்விப்பட்டுப் போகிறார். மரம் சாய்ந்துவிட்டது. கூடுகளில் இருந்த ஒன்பது குஞ்சுகளும் தரையில்.

ஏன் வெட்டினீர்கள் என்று கேட்டதும் ஊரே அவரைச் சூழ்ந்துகொண்டது. சீட்டி அடித்துக் கேலி செய்தார்கள். அவ்வளவு அக்கறை என்றால் எங்கள் வீட்டில் வேலைக்கு வந்து இந்த அசிங்கத்தைச் சுத்தம் செய் என்றார்கள். வீட்டில் அவருக்குக் கைக்குழந்தைகளாக இரட்டைப் பெண்கள். முனைவர் பட்டத்தைத் தள்ளிவைத்தார். அதை முடிக்க 2019 ஆனது.

அந்த ஊர்க்காரர்களைக் கொடியவர்கள் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். இறந்ததைத் தின்னும் பறவை, பார்க்கவும் அவலட்சணம், நோயும் கெட்ட சகுனமும் கொண்டுவரும் என்ற பயம். அந்த நாற்றத்தில் வருடா வருடம் குடும்பம் நடத்தியவர்கள் அவர்கள்.

பூர்ணிமா செய்ததில் எனக்கு மிகவும் பிடித்தது, அவர் தொடங்கிய இடம். மேடை போட்டு, படம் காட்டி, அழிந்துவரும் இனங்களின் பட்டியல் வாசித்திருந்தால் ஆண்கள் நாலு பேர் வந்து கைகட்டி உட்கார்ந்திருப்பார்கள். முற்றத்தைத் தினமும் கழுவுகிறவர்கள் வந்திருக்கமாட்டார்கள். அவர் சமையல் போட்டி வைத்தார். பீட்டா என்கிற அரிசிப் பலகாரம் செய்யும் போட்டி. பெண்கள் வந்தார்கள், பேச்சு பலகாரத்தில் தொடங்கி மெல்ல ஹர்கிலாவுக்கு வந்தது.

அடுத்து நடந்ததுதான் அழகு. அசாமில் கர்ப்பிணிகளுக்குப் பஞ்சாமிர்தம் என்றொரு சடங்கு செய்வார்கள். (நமக்கு அந்தப் பெயரைக் கேட்டால் பழனிதான் ஞாபகம் வரும்.) ஏறக்குறைய நம் வளைகாப்பு மாதிரி. ஹர்கிலாக்கள் கூடு கட்டி அடைகாக்கும் பருவத்தில், அதே சடங்கைப் பறவைக்கு நடத்தினார்கள். பாட்டும் பலகாரமுமாக, மரத்தடியில். பிணம் தின்னும் பறவை அன்றைக்குப் பிள்ளைத்தாய்ச்சி ஆகிவிட்டது. பிள்ளைத்தாய்ச்சி இருக்கிற மரத்தில் கோடாரி வைக்க யாருக்கு மனசு வரும்?

(திரையில்: தறி. பாவில் மெல்ல உருவாகும் நாரை உருவம்.)

ஆனால் பாட்டு மட்டும் பாடி நாற்றத்தைப் பொறுத்துக்கொள்ள முடியாது, வருமானமும் வேண்டும். அசாமியப் பெண்களுக்கு நெசவு கைவந்த கலை. தறியும் நூலும் கிடைக்க ஏற்பாடு செய்தார்கள். கமோசா என்கிற துண்டிலும், மேகேலா சாதர் என்கிற பெண்கள் உடையிலும் ஹர்கிலா உருவத்தை நெய்து விற்கத் தொடங்கினார்கள். எந்தப் பறவையைக் கல்லால் அடித்தார்களோ அதை நெஞ்சில் போட்டுக்கொண்டு போனார்கள். இந்தப் பெண்கள் கூட்டத்துக்குப் பெயர் ஹர்கிலா படை. இப்போது 10,000 பேருக்கு மேல். விழா நாட்களில் நீண்ட அலகு வைத்த ஹர்கிலா முகமூடி மாட்டிக்கொண்டு ஊர்வலம் போகிறார்கள். பள்ளிப் பிள்ளைகளுக்கு ஓவியம், விளையாட்டு என்று தனியாக. வீட்டில் அம்மா சொல்வதையே பள்ளியிலும் கேட்டால் பிள்ளை எந்தப் பக்கம் சாய்வான் என்று சொல்லவா வேண்டும்?

கூடவே கைவேலையும் நடந்தது. காற்றடித்தால் உயரக் கூட்டிலிருந்து குஞ்சுகள் விழும். அதற்காக மரத்தடியில் வலை கட்டினார்கள். அடிபட்ட குஞ்சுகளைச் சிகிச்சை முடித்துத் திரும்பப் பறக்கவிடுகிறார்கள். 2017 முதல் மூங்கிலில் உயரமான மேடைகள் கட்டிப் பார்த்தார்கள். ஓரிரு ஆண்டுகளில் அந்த மேடையிலும் குஞ்சு பொரித்தது.

பலன்? தொடக்கத்தில் மூன்று கிராமங்களிலும் சேர்த்து 28 கூடுகள். 2022இல் 250க்கு மேல். உலகிலேயே பெரிய ஹர்கிலா குடியிருப்பு இப்போது அந்த ஊர்களில்தான். 2017இல் விட்லி விருது, 2022இல் ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பின் 'புவியின் சாம்பியன்' விருது என்று பூர்ணிமாவுக்கு வரிசையாக வந்தன. 2023இல் உலகச் சிவப்புப் பட்டியலில் ஹர்கிலா, 'அழியும் ஆபத்தில்' என்ற பிரிவிலிருந்து இறங்கி 'அச்சுறுத்தலை நெருங்கும்' பிரிவுக்கு வந்தது.

(திரையில்: குவஹாத்தியின் குப்பைமேடு. புகை. மாடுகள். நடுவே வரிசையாக ஹர்கிலாக்கள்.)

சரி, கதை இங்கே சுபமாக முடிகிறதா? எனக்கு ஒரு உறுத்தல் இருக்கிறது. கூடு காப்பாற்றப்பட்டது, சாப்பாடு? வயலிலும் பீல் என்கிற நீர்நிலைகளிலும் மீன், தவளை, எலி பிடித்துத் தின்னும் பறவைதான் இது. நீர்நிலைகள் சுருங்கச் சுருங்க, குப்பைமேட்டுக்குத் தள்ளப்பட்டது. குவஹாத்திக்கு அருகே தீபோர் பீல் என்ற ஏரி, 2002இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம் என்ற ராம்சர் தகுதி பெற்றது. நகரத்தின் போராகாவ் குப்பைமேடு பல ஆண்டுகள் வளர்ந்தது அந்த ஏரியை ஒட்டித்தான். செத்த மாட்டோடு பிளாஸ்டிக்கும் மருத்துவமனைக் கழிவும் கிடக்கும் இடம். கிராமத்துப் பெண்களின் மனதை மாற்றலாம். நகரத்தின் குப்பைக்கு யார் சமையல் போட்டி வைப்பது?

ததரா இருப்பது பிரம்மபுத்திராவின் வடகரை. குப்பைமேடு தென்கரை. இடையில் அத்தனை பெரிய ஆறு. எட்டடி இறக்கையை விரித்து அதைத் தாண்டிப் போய், தொண்டை நிறைய எதையோ விழுங்கிக்கொண்டு, குஞ்சு காத்திருக்கும் கடம்ப மரத்துக்குத் திரும்புகிறது ஹர்கிலா.

(திரையில்: ஆற்றின் மேல், தனியாக ஒரு பறவை.)