இயற்கைத் தேர்வுக்கு மேல் கீழ் உண்டா?

அனைவருக்கும் வணக்கம்.

சிங்கப்பூரின் சுங்கை பூலோ சதுப்பு நிலத்துக்குப் பிள்ளைகளை அழைத்துப் போயிருப்பீர்கள். கடல்நீர் வற்றும் நேரத்தில் அங்கே சேற்றில் ஒரு மீன் தத்தித் தத்திப் போகும். கண்கள் இரண்டும் தலை உச்சியில் துருத்தி நிற்கும். முன்துடுப்பை ஊன்றி நகரும். தோல் ஈரமாக இருக்கும்வரை அதன் வழியாகவும் மூச்சு வாங்கும். "பாவம், இன்னும் முழுசாகக் கரையேறவில்லை" என்போம். ஓரறிவு தொடங்கி ஆறறிவு வரை உயிர்களை வரிசை வைத்துப் பழகியவர்கள் நாம், அப்படித்தான் தோன்றும். ஆனால் அந்த மீன் எதற்கும் பாதி அல்ல. நீர் ஏறி வற்றும் அந்தச் சேற்றில் பிழைக்க அதற்குக் குறை ஒன்றும் இல்லை.

இந்த இடத்தில், இந்தக் காலத்தில் யாருடைய வாரிசுகள் அதிகம் மிஞ்சுகின்றன என்பதுதான் இயற்கைத் தேர்வு. நாளைக்கு எது நல்லது என்று அதற்குத் தெரியாது.

பசிபிக் கடலிலுள்ள கலாபகஸ் தீவுகளில் ஒன்றான டாஃப்னி மேஜரில் உயிரியலாளர்கள் பீட்டர் கிராண்ட், ரோஸ்மேரி கிராண்ட் தம்பதியர் ஆண்டுக்கணக்காக ஃபிஞ்ச் குருவிகளைப் பிடித்து அலகை அளந்தார்கள். 1977இல் மழை பொய்த்தது. சின்ன விதைகள் தீர்ந்தன. மிஞ்சியவை பெரிய, கெட்டியான விதைகள். நெருஞ்சி இனத்து முள்காய்கள் அதில் முக்கியம். அவற்றை உடைக்க முடிந்த பெரிய அலகுக் குருவிகள் பிழைத்தன, மற்றவை பெருமளவில் செத்தன. அடுத்த தலைமுறையின் அலகு சராசரியில் பருத்தது. முன்னேற்றம் என்று அன்றைக்கே எழுதி முடித்திருந்தால்? 1983இல், பசிபிக் கடல் சூடேறுவதால் வரும் எல் நினோ மழை கொட்டித் தீர்த்தது. தீவு முழுக்கச் சின்ன விதை. அதற்குப் பின் வந்த வறட்சியில் சின்ன அலகுக் குருவிகளே கூடுதலாகப் பிழைத்தன. எந்த அலகு உயர்ந்தது, சொல்லுங்கள்!

இயற்கைத் தேர்வில் மேல் கீழ் இல்லை என்பதற்கு ஒரு மறுப்பு உண்டு, அதை நான் மதிக்கிறேன். வேட்டை விலங்கும் இரையும் ஒன்றையொன்று விரட்டித் தலைமுறைதோறும் திறன் கூட்டுகின்றன. கண் படிப்படியாகச் செம்மையாகிறது. இது முன்னேற்றம்தானே என்று உயிரியலாளர் ரிச்சர்ட் டாக்கின்ஸ் வாதிட்டார். சரி, அந்த ஒரு வேலையின் அளவில் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதே கண் இருட்டுக் குகை மீன்களிடம் மறைந்தே போனது. ராஃபிள்ஸ் பெயர் சூடிய ரஃப்லேசியா என்ற செடி இலை, தண்டு, வேர் மூன்றையும் இழந்து, ஒரு கொடிக்குள் ஒட்டுண்ணியாக இருந்துகொண்டே ஒரு மீட்டர் அகலம் வரை பூக்கிறது.

இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. பரிணாமத்தை ஏணியாக்கியவர்கள் மனித இனங்களையும் அதில் மேல்படி, கீழ்படி என்று நிறுத்தினார்கள். அறிவியல் அதற்கு இடம் தரவில்லை.

அப்புறம், மனித மூளை உச்சப்படி இல்லையா என்பீர்கள். உடல் எடையில் ஏறக்குறைய 2 விழுக்காடு. ஆனால் ஓய்வில்கூட உடலின் ஆற்றலில் சுமார் 20 விழுக்காட்டை அதுவே தின்கிறது. நம் முன்னோருக்கு அந்தச் செலவு கட்டுப்படியானது. பாக்டீரியாக்களுக்குத் தேவைப்படவே இல்லை. 300 கோடி ஆண்டுகளுக்கும் மேலாக அவை மூளை இல்லாமலே பெருகி வருகின்றன, நம் குடலிலும்தான்.