மருந்துக்கு முன்னே பாரத்தை எடுங்கள்: படுக்கைப் புண் பற்றி ஓர் உரை

நேயர்களுக்கு வணக்கம். பக்கவாதம் வந்தவர், முதுகுத்தண்டில் அடிபட்டவர், இடுப்பெலும்பு முறிந்து எழ முடியாமல் இருக்கும் முதியவர், நினைவு தப்பிக் கிடப்பவர் என யாரையாவது வீட்டில் வைத்துக் கவனித்துக்கொள்பவர்களுக்காக இன்று பேசுகிறேன்.

படுக்கைப் புண் என்றதும் அநேகமாக எல்லோரும் முதலில் கேட்பது, "என்ன மருந்து போடலாம்?" என்பதுதான். மருந்துக்கு வருகிறேன். அதற்கு முன்னால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். புண் இருக்கும் இடத்தின் மேல் அழுத்தும் உடல் பாரத்தை எடுக்காதவரை எந்த மருந்தும் வேலை செய்யாது. படுக்கைப் புண்ணின் மேல் எதை வேண்டுமானாலும் வைக்கலாம், நோயாளியை மட்டும் வைக்கக் கூடாது என்று மருத்துவர்களிடையே ஒரு பேச்சு உண்டு. இன்றைய உரையில் நான் சொல்லப்போவது பெரும்பாலும் இந்த ஒன்றைத்தான்.

ஒரே பக்கமாக வெகுநேரம் படுத்தால் நமக்கு வலிக்கிறது. தூக்கத்திலும் அந்த வலி நம்மைப் புரட்டிவிடுகிறது. உணர்ச்சி போனவருக்கு அந்த வலி தெரியாது. தெரிந்தாலும் கைகால் அசையாதவரால் திரும்ப முடியாது. அப்போது எலும்புக்கும் மெத்தைக்கும் நடுவில் தசையும் கொழுப்பும் தோலும் நசுங்கிக் கிடக்கின்றன. நுண்ணிய இரத்தக் குழாய்கள் மூடிக்கொள்கின்றன. பிராணவாயு கிடைக்காத திசு சாகத் தொடங்குகிறது. இரத்தக் குறைவைத் தோல் தாங்கும் அளவுக்குத் தசை தாங்காது. அழுத்தமும் எலும்பை ஒட்டிய இடத்தில்தான் அதிகம். ஆகவே பல சமயங்களில் சிதைவு உள்ளிருந்து தொடங்குகிறது. மேலே கருஞ்சிவப்பாகவோ ஊதாவாகவோ ஒரு சின்னத் திட்டு தெரியும். சில நாளில் அது ஆழமான குழியாக உடையும். "திடீரென்று வந்துவிட்டதே" என்று வீட்டார் பதறுவார்கள். புண் திடீரென்று வருவதில்லை. வெளியே தெரிந்ததுதான் திடீரென்று.

அழுத்தத்தோடு இழுபாடும் சேர்ந்தால் சேதம் இன்னும் வேகமாகும். கட்டிலின் தலைமாட்டை உயரத் தூக்கி வைத்தால் உடல் மெல்லக் கீழே சரியும். முதுகுத் தோல் விரிப்பில் ஒட்டிக்கொண்டு நின்றுவிடும், உள்ளே எலும்பு மட்டும் நகரும். இடையில் உள்ள இரத்தக் குழாய்கள் முறுக்கிக்கொண்டு அடைபடும். இதனால்தான் தலைமாட்டை 30 டிகிரிக்கு மேல் வெகுநேரம் உயர்த்தி வைக்க வேண்டாம் என்கிறோம். சாப்பிடும்போது நிமிர்ந்திருக்கத்தான் வேண்டும், இல்லையென்றால் உணவு மூச்சுக்குழாயில் போகும். சாப்பிட்டு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் கழித்துத் தாழ்த்திவிடுங்கள். உயர்த்தும்போது முதலில் முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்துவிட்டுப் பிறகு தலைமாட்டைத் தூக்கினால் உடல் சரியாது. மூச்சுத்திணறலால் நிமிர்ந்தே இருக்க வேண்டியவருக்கு எவ்வளவு உயரம் என்பதை மருத்துவரைக் கேட்டு முடிவு செய்யுங்கள்.

இரண்டாம் உலகப் போர் வரை, முதுகுத்தண்டு அறுபட்ட வீரர்கள் பெரும்பாலோர் படுக்கைப் புண்ணாலும் சிறுநீர்த் தொற்றாலும் இறந்துகொண்டிருந்தார்கள். அது தவிர்க்க முடியாதது என்றே பலர் நம்பினார்கள். 1944இல் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் முதுகுத்தண்டுப் பிரிவைத் தொடங்கிய மருத்துவர் லூட்விக் குட்மன் அதை ஏற்கவில்லை. இரவு பகல் பாராமல் 2 மணி நேரத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு நோயாளியையும் புரட்டிப் படுக்க வைக்கச் செய்தார். பாராலிம்பிக் போட்டிகளுக்கு வித்திட்டவரும் இவர்தான். புரட்டிப் படுக்க வைப்பதைவிடப் பெரிய சிகிச்சை இன்றுவரை வரவில்லை.

அதை எப்படிச் செய்வது என்பதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். சாதாரண மெத்தையில் 2 மணி நேரத்துக்கு ஒருமுறை என்பது தொடக்கக் கணக்கு. நல்ல தரமான நுரை மெத்தையில் சிலருக்கு 3, 4 மணி நேரம்கூடத் தாங்கும். எவ்வளவு தாங்கும் என்பதைத் தோல்தான் சொல்லும். திருப்பியவுடன் முன்பு கீழே இருந்த பக்கத்தைப் பாருங்கள். அரை மணி கழித்தும் சிவப்போ கருமையோ மறையவில்லை என்றால் இடைவெளி அதிகம், குறைத்துக்கொள்ளுங்கள்.

இடப்பக்கம், மல்லாந்து, வலப்பக்கம் என்று மாறிமாறி வரட்டும். வால் எலும்பின் மேல் ஏற்கெனவே புண் இருந்தால் மல்லாந்து படுப்பதை விட்டுவிட்டு இரண்டு பக்கமும் மட்டும் மாற்றுங்கள். பக்கவாட்டில் திருப்புகிறோம் என்று ஆளை நேர்க்குத்தாக நிறுத்திவிடக் கூடாது. அப்படிச் செய்தால் தொடை எலும்பின் மேல்முனை மெத்தையில் குத்தி அங்கே புதுப் புண் வரும். 30 டிகிரி சாய்வு போதும். தோளிலிருந்து புட்டம் வரை முதுகுக்குப் பின்னால் நீளவாக்கில் ஒரு தலையணையைச் செருகி, அதன்மேல் லேசாகச் சாய வையுங்கள். பாரம் புட்டத்தின் சதைப் பகுதியில் விழும். சரியாக இருக்கிறதா என்று பார்க்க, உள்ளங்கையை வால் எலும்புக்கு அடியில் விட்டுப் பாருங்கள். கை தாராளமாகப் போனால் சரி. கீழ்ப்பக்கக் கை உடம்புக்கடியில் மாட்டிக்கொள்ளாமல் முன்னால் எடுத்து விடுங்கள். இரண்டு முழங்காலுக்கும் நடுவே ஒரு தலையணை. கணுக்கால் எலும்புகள் ஒன்றையொன்று உரசக் கூடாது.

குதிகாலைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அங்கே எலும்புக்கு மேல் சதையே கிடையாது. கெண்டைக்கால் முழுவதும் தாங்கும்படி ஒரு தலையணையை நீளவாக்கில் வைத்து, குதிகால் மெத்தையைத் தொடாமல் அந்தரத்தில் நிற்கும்படி விடுங்கள். முழங்கால் லேசாக மடங்கி இருக்கட்டும். கையுறையில் தண்ணீர் நிரப்பிக் குதிகாலுக்கு அடியில் வைக்கும் வழக்கத்தால் பாரம் குறைவதில்லை.

மேலே நகர்த்தும்போது அக்குளில் கைகொடுத்து இழுக்காதீர்கள், தோல் உரியும். தோளிலிருந்து தொடை வரை வரும்படி மடித்த ஒரு விரிப்பைக் குறுக்கே போட்டு வையுங்கள். இரண்டு பேர் இருபுறமும் அதைச் சுருட்டிப் பிடித்து, சற்றுத் தூக்கி நகர்த்தலாம். தனியாக இருப்பவர், ஆளை உருட்டிப் பக்கம் மாற்றுவதோடு நிறுத்திக்கொண்டு, மேலே நகர்த்த இன்னொருவர் வரும்வரை காத்திருப்பது நல்லது. திருப்பிய நேரத்தையும் பக்கத்தையும் ஒரு தாளில் எழுதிக் கட்டில் அருகே ஒட்டி வையுங்கள். இரவில் மூன்று பேர் முறை மாற்றிப் பார்க்கும் வீட்டில், "நீ திருப்பியிருப்பாய் என்று நினைத்தேன்" என்ற பேச்சு அதோடு நின்றுவிடும்.

சக்கர நாற்காலியில் உட்காருகிறவருக்குப் பாரம் முழுதும் புட்டத்தின் அடி எலும்பில் இறங்குகிறது. தானே அசையக் கூடியவர் 15 நிமிடத்துக்கு ஒருமுறை முன்னால் குனிந்தோ பக்கவாட்டில் சாய்ந்தோ பாரத்தை மாற்ற வேண்டும். முடியாதவரை மணிக்கு ஒருமுறை மற்றவர் சாய்த்து விட வேண்டும்.

காற்று மெத்தை வாங்கியவர்கள் இனித் திருப்ப வேண்டாம் என்று எண்ணிவிடுகிறார்கள். அதன் அறைகள் சில நிமிடங்களுக்கு ஒருமுறை மாறிமாறி உப்புவதும் தளர்வதும் உதவிதான், ஆனால் புரட்டுவதற்கு அது மாற்று ஆகாது. நோயாளியின் எடைக்கு ஏற்றபடி பம்பின் அழுத்தத்தை வைக்க வேண்டும். அழுத்தம் போதுமா என்று பார்க்க, வால் எலும்பு இருக்கும் இடத்தில் மெத்தைக்கு அடியில் கையை விடுங்கள். உடலுக்கும் கைக்கும் நடுவே குறைந்தது 2.5 செ.மீ. காற்று தாங்கி நிற்க வேண்டும். எலும்பு கையில் தட்டுப்பட்டால் உடல் மெத்தையின் அடிவரை அமிழ்ந்துவிட்டது என்று பொருள். அதன்மேல் ஒரே ஒரு மெல்லிய விரிப்புப் போதும். ரப்பர் விரிப்பு, மடித்த போர்வை, தடித்த டயாபர் என்று அடுக்கினால் காற்று மெத்தையின் பயனே போய்விடும். மின்சாரம் நின்றால் காற்று இறங்கும், அந்த நேரத்தில் அடிக்கடி திருப்புங்கள். வளைய வடிவக் காற்றுத் தலையணையைப் புண்ணுக்கு அடியில் வைப்பதை விட்டுவிடுங்கள். வளையத்தின் விளிம்பு சுற்றிலும் அழுத்தி, நடுவில் உள்ள இடத்துக்கு வரும் இரத்தத்தையும் தடுத்துவிடும்.

தினமும் இரண்டு வேளை, நல்ல வெளிச்சத்தில் தோலைப் பாருங்கள். பிடரி, தோள்பட்டை எலும்பு, முழங்கை, வால் எலும்பு, இடுப்பின் இருபுறம், முழங்காலின் உட்புறம், கணுக்கால், குதிகால் எல்லாவற்றையும் பாருங்கள். ஆக்சிஜன் குழாய் பதியும் காதின் பின்புறம், மூக்கு, சிறுநீர் போகப் பொருத்திய கதீட்டர் குழாய் தொடையில் படும் இடம் இவற்றையும் விட்டுவிடாதீர்கள். குழாய் அழுத்தினாலும் இதே புண்தான் வரும். சிவந்த இடத்தை விரலால் 3 விநாடி அழுத்தி எடுங்கள். வெளுத்து மறுபடி சிவந்தால் இரத்த ஓட்டம் இருக்கிறது. வெளுக்காமல் அப்படியே நின்றால் அதுதான் முதல் நிலைப் படுக்கைப் புண், தோல் கிழியாவிட்டாலும் சரி. கருத்த தோலில் சிவப்பு தெரியாது. சுற்றியுள்ள இடத்தைவிடக் கருத்திருக்கிறதா, சூடாகவோ குளிர்ந்தோ இருக்கிறதா, தொட்டால் கெட்டியாகவோ சொதசொதவென்றோ இருக்கிறதா என்று விரல்களால் பாருங்கள். அந்த இடத்தைத் தேய்த்து விடாதீர்கள். நசுங்கிய இரத்தக் குழாய்கள் இன்னும் கிழியும்.

இரண்டாம் நிலையில் மேல்தோல் உரியும், அல்லது கொப்புளம் வரும். மூன்றாவதில் கொழுப்பு தெரியும். நான்காவதில் தசை, தசைநாண், எலும்பு வரை போய்விடும். முதல் நிலை என்றால் பாரத்தை எடுத்தாலே சில நாளில் சரியாகும். மூன்றும் நான்கும் ஆற மாதக்கணக்கில் ஆகும்.

ஈரம் தோலை ஊற வைத்து வலுவிழக்கச் செய்கிறது. ஒவ்வொரு முறை திருப்பும்போதும் டயாபரைப் பாருங்கள். மலமோ சிறுநீரோ பட்டால் உடனே வெதுவெதுப்பான நீரும் மென்மையான சோப்பும் கொண்டு கழுவி, தேய்க்காமல் ஒற்றி எடுத்து, ஜிங்க் ஆக்சைடு கலந்த காப்புக் களிம்பை மெல்லியதாகப் பூசுங்கள். பவுடர் வேண்டாம். மடிப்புகளில் கட்டிபட்டு உரசும். ஈரத்தால் வரும் புண் எலும்பு முனையில் மட்டும் நிற்காமல் தொடை இடுக்கு, மடிப்பு எல்லாம் பரந்து சிவந்திருக்கும். அதற்கு வைத்தியம் வேறு என்பதால் இரண்டையும் பிரித்தறிய வேண்டும்.

சதை வளரப் புரதம் வேண்டும். புண் உள்ளவருக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 1.25 முதல் 1.5 கிராம் புரதமும், 30 முதல் 35 கலோரியும் தேவை. 50 கிலோ எடையுள்ளவருக்குச் சுமார் 63 முதல் 75 கிராம் புரதம். வெறும் கஞ்சியில் இது வராது. முட்டை, பால், மீன், பருப்பு வகைகளை ஒவ்வொரு வேளையிலும் கொஞ்சமாகச் சேர்க்க வேண்டும். சிறுநீரகக் கோளாறு உள்ளவருக்கு மட்டும் அளவை மருத்துவர் சொல்லட்டும்.

இனி மருந்து. புண்ணைக் கழுவ நார்மல் சலைன் எனும் உப்பு நீர் போதும். கிடைக்காவிட்டால், கொதிக்க வைத்து ஆறிய அரை லிட்டர் தண்ணீரில் மட்டமாக ஒரு தேக்கரண்டி உப்பு போட்டுக் கரைத்து, மூடி வைத்து ஒரு நாளுக்குள் பயன்படுத்துங்கள். ஊசி இல்லாத 20 மி.லி. சிரிஞ்சால் பீய்ச்சிக் கழுவலாம். நன்றாக ஆறிவரும் புண்ணில் ஹைட்ரஜன் பெராக்சைடு, ஸ்பிரிட், அயோடின் கரைசல் ஆகியவற்றை நாள்தோறும் ஊற்றாதீர்கள். கிருமியோடு சேர்த்துப் புதிதாக வளரும் செல்களையும் அவை கொல்லும். ஆன்டிபயாட்டிக் பவுடரைத் தூவினால் பொருக்குக் கட்டி, அடியில் சீழ் தேங்க இடமாகும்.

புண்ணைக் காற்றில் காய விட வேண்டும் என்பதும் பழைய நம்பிக்கை. 1962இல் ஜார்ஜ் விண்டர் என்ற ஆய்வாளர் பன்றிகளின் தோலில் செய்த ஆய்வில், காயவிட்ட புண்ணைவிட மூடி ஈரப்பதத்தோடு வைத்த புண்ணின் மேல் புதுத்தோல் விரைவாக வளர்ந்தது தெரிந்தது. எனவே புண் ஈரமாகவும், சுற்றியுள்ள நல்ல தோல் உலர்ந்தும் இருக்க வேண்டும். ஆழமில்லாத, தொற்று இல்லாத புண்ணுக்கு, ஈரத்தைக் காக்கும் ஹைட்ரோகொல்லாய்டு என்ற ஒட்டுக் கட்டைப் போட்டால், கசியாதவரை 3 முதல் 7 நாள் வரை விடலாம். நீர் அதிகம் வடியும் புண்ணுக்கு, அதை உறிஞ்சும் நுரைக் கட்டு அல்லது கடல்பாசியிலிருந்து செய்யும் ஆல்ஜினேட் கட்டு. குழி இருந்தால் சலைனில் நனைத்துப் பிழிந்த காஸ் துணியைத் தளர்வாக நிரப்புங்கள். இறுக்கித் திணித்தால் உள்ளிருந்தே அழுத்தம் கொடுக்கும். கறுத்த, மஞ்சளான செத்த திசுவை வீட்டில் வெட்டாதீர்கள். குதிகாலில் கறுத்துக் காய்ந்து, ஆடாமல் அசையாமல் ஒட்டியிருக்கும் பொருக்கை மருத்துவர்களே பெரும்பாலும் எடுக்காமல் விடுவார்கள்.

வாரம் ஒருமுறை புண்ணின் நீளம், அகலத்தை அளந்து எழுதுங்கள். 2 வாரமாகியும் சுருங்கவில்லை என்றால் பாரம் எங்கோ விழுகிறது, அல்லது ஊட்டமோ தொற்றோ தடுக்கிறது. மருத்துவரிடம் காட்டுங்கள். சுற்றிச் சிவப்பு பரவுவது, சீழ், துர்நாற்றம், புதிதாக வலி, எலும்பு தெரிவது ஆகியவற்றைக் கண்டால் அன்றே காட்ட வேண்டும். காய்ச்சல், நடுக்கம், வேகமான மூச்சு, வழக்கத்துக்கு மாறான குழப்பம் அல்லது தூக்க மயக்கம் சேர்ந்தால் தொற்று இரத்தத்தில் கலந்திருக்கக் கூடும். உடனே அவசர சிகிச்சைக்குக் கொண்டு போங்கள். முதியவர்களுக்குக் காய்ச்சலே இல்லாமல் குழப்பம் மட்டும் வருவதும் உண்டு.

புண் மூடியதும் பழைய வலு திரும்பிவிட்டதென்று நினைக்க வேண்டாம். தழும்பு ஏறிய தோல் முன்பிருந்த வலுவில் அதிகபட்சம் 80 சதவீதம் வரைதான் பெறும், அதற்கும் மாதங்கள் ஆகும். எனவே அந்தப் பக்கமாக முதலில் 15 நிமிடம் மட்டும் படுக்க அல்லது உட்கார வையுங்கள். திருப்பியதும் விரலால் அழுத்திப் பாருங்கள். சிவப்பு அரை மணிக்குள் மறைந்தால் மறுநாள் 15 நிமிடம் கூட்டலாம். மறையாவிட்டால் முந்தைய நாள் அளவுக்கே திரும்புங்கள். நன்றி, வணக்கம்.