பத்திரம் பதிவாகிறது, உரிமை?

அவையோருக்கு வணக்கம்.

எந்த நாடு சொத்துரிமையை நன்றாகக் காக்கிறது என்று மதிப்பெண் போட்டு வரிசைப்படுத்துகிறார்கள். யாரிடமிருந்து காக்கிறது என்று கேட்காத வரிசையை நான் ஏற்பதில்லை. போலிப் பத்திரக்காரனிடமிருந்தா, அரசாங்கத்திடமிருந்தா?

நம் ஊரில் ஒரு மனை வாங்குபவர் படும் பாட்டைப் பாருங்கள். மூலப்பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று, வாரிசுச் சான்று, வக்கீல் கருத்துரை. இத்தனையும் பார்த்துப் பதிந்த பிறகும், ‘நீதான் உரிமையாளர்’ என்று அரசு உறுதி சொல்வதில்லை. 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம் பத்திரத்தை மட்டுமே பதிகிறது. விற்றவருக்கே உரிமை இல்லை என்று பின்னாளில் தெரிந்தால், வாங்கியவர்தான் கோர்ட்டுப் படியேற வேண்டும். வாழ்நாள் சேமிப்பை ஒரு மனையில் போட்டவருக்கு இது எவ்வளவு பெரிய கொடுமை!

தெற்கு ஆஸ்திரேலியாவில் 1858இலேயே இதற்கு வழி கண்டார்கள். சுங்கத்துறையில் இருந்த ராபர்ட் டோரன்ஸ், கப்பல்களுக்கு இருந்தது போன்ற பதிவேட்டை நிலத்துக்கும் கொண்டுவந்தார். ஏட்டில் யார் பெயரோ, அவரே உரிமையாளர். பழைய பத்திரங்களைத் தோண்ட வேண்டியதில்லை. ஏட்டின் பிழையால் ஒருவர் நிலத்தை இழந்தால், அதற்கென்றே வைத்த நிதியிலிருந்து இழப்பீடு. பிழைக்கு அரசே பொறுப்பேற்றது, பாருங்கள், அதுதான் பெரிது.

அமெரிக்காவில் இந்த உறுதியைத் தனியார் காப்பீட்டு நிறுவனங்களிடம் காசு கொடுத்து வாங்குகிறார்கள். அரசிடமிருந்தாவது காப்பு உண்டா? நியூ லண்டன் நகரம், வளர்ச்சித் திட்டம் என்று சொல்லிக் குடியிருப்போரின் வீடுகளைக் கையகப்படுத்தியது. 2005இல் கீலோ வழக்கில் உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என்ற கணக்கில் அதற்கு இசைந்தது. வீடுகள் போயின. திட்டம் வரவில்லை. அந்த இடம் பல ஆண்டுகள் வெறும் தரையாகக் கிடந்தது.

1978இல் சொத்துரிமையை அடிப்படை உரிமைகளிலிருந்து நீக்கிய இந்தியா, இந்த ஓரிடத்தில் கண்டிப்பாக இருக்கிறது. 2013ஆம் ஆண்டு நிலமெடுப்புச் சட்டப்படி, தனியார் நிறுவனத்துக்காக நிலம் எடுக்க 80 விழுக்காட்டுக் குடும்பங்களின் ஒப்புதல் வேண்டும். ஆனால் தமிழ்நாடு 2014இல் திருத்தம் செய்து, நெடுஞ்சாலைச் சட்டம், தொழில் நோக்க நிலமெடுப்புச் சட்டம் உள்ளிட்ட மூன்றை அதற்கு வெளியே நிறுத்திக்கொண்டது.

அந்த மூன்றையும் ஒப்புதல் விதிக்குள் கொண்டுவர வேண்டும் என்று இந்த மேடையில் கேட்கிறேன். நாம் கட்டும் பதிவுக் கட்டணத்தில் ஒரு பங்கை ஒதுக்கி, ஏமாந்தவருக்கு ஈடு தரும் நிதியொன்றையும் தொடங்க வேண்டும்.